பளுக்கற்களின் சான்று

கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் கிடைத்த செம்மணற்கல் ஒன்று 143.5 கிலோ எடையுடையது, காலம் கி. மு. ஆறாம் நூற்றாண்டு. பீபோன் என்பான் ஒரு கையால் தன்னைத் தலைக்கு மேலாக எறிந்தான் என்கிறது அதன் பொறிப்பு. நம் நடுகற்கள் வீரனைப் படர்க்கையிற் கூறும். இக்கல்லோ 'என்னை' எனத் தானே பேசுகின்றது. இதனை வெறும் புனைந்துரை என்பாருளர். யாம் முற்றும் அவ்வாறு கருதோம். 1905இல் ஆர்தர் சாக்சன் என்னும் செருமானிய வல்லாளர் உடலைப் பக்கவாட்டில் வளைத்து, ஒரு கையால் ஏறத்தாழ 168 கிலோவை உயர்த்தினார். ஆயினும் அவர் ஏந்தியது பிடியமைந்த இரும்புத்தண்டு, கல்லன்று. உயர்த்துதல் வேறு, எறிதல் வேறு. எனவே ஐயம் அவ்வினைச்சொல் ஒன்றிலேயே நிற்கின்றது. தேராத் தீவின் 480 கிலோ எரிமலைக்கல்லும் 'என்னை' என்றே பேசும். ஆனால் யூமாசுதாசு நிலத்தினின்று எடுத்தான் என்பதோடு அமைகின்றது. எத்துணை உயரம் என்று அது கூறவில்லை.