செரோக்கியும் சிவில் சர்வீஸும்

1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மெக்காலே ஒரு வாதம் வைத்தார். கிரேக்கத்துக்குப் பதில் அமெரிக்கப் பழங்குடியினரின் செரோக்கி மொழியைப் பாடமாக வைத்தாலும், அதில் முதலாவதாக வருபவனே பொதுவாக மற்றவர்களைவிடத் திறமைசாலியாக இருப்பான் என்பது அதன் சாரம். அதாவது, பரீட்சை ஆளை அளக்கிறது. பாடம் வெறும் சாக்கு.

1854இல் அவர் தலைமையிலான குழு, இந்திய சிவில் சர்வீஸ் போட்டிப் பரீட்சைக்கு மார்க்குகளைப் பங்கிட்டது. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு சேர்த்து 1500. கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதம் 375, அரபி 375. வங்காளியும் தமிழும் பட்டியலிலேயே இல்லை. மக்களின் பாஷையைத் தேர்வான பிறகு கற்றால் போதும். எந்தப் பாடமும் ஒன்றே என்றால் இந்தத் தாரதம்யம் எதற்கு? 1855இல் லண்டனில் தொடங்கிய பரீட்சை இந்தியாவிலும் நடக்க 1922 ஆயிற்று.

ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனி ஆனர்ஸ் பிரிவு ஏற்பட்டது 1894இல்தான். அதற்குச் சுமார் 40 வருஷங்கள் முன்பே ஆங்கிலக் கவிஞர்கள் ஜில்லா அதிகாரிகளைப் பொறுக்கியெடுக்கப் பயன்பட்டார்கள். இலக்கியம் அங்கே அனுபவம் அல்ல, அளவுகோல்.

1947க்குப் பின் ஐ.சி.எஸ். போயிற்று. அளவுகோல் நம் வகுப்பறைகளில் தங்கிவிட்டது. ஒரு கவிதையைக் காட்டி ‘இது பரீட்சைக்கு வருமா’ என்று கேட்கும் மாணவனைக் கேலி செய்வது சுலபம். அவன் மெக்காலேயை நம்மைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவன். செரோக்கியானால் என்ன, கம்பனானால் என்ன?