அதிகாரத்துவ மொழியும் தேசிய மொழியும்

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளைக் காணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அப்பெருமிதத்தில், தமிழ் சிங்கப்பூரின் தேசிய மொழி என்று மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் சொல்லிவிடுகிறோம். அது பிழை. ‘நேஷனல்’, ‘அஃபிஷியல்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே பொருளுடையனவாகக் கொள்வதால் நேரும் பிழை அது.

1965 டிசம்பரில் நிறைவேறிய சிங்கப்பூர்க் குடியரசுச் சுதந்திரச் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என வகுத்தது. தேசிய மொழியோ ரோமன் எழுத்தில் அமைந்த மலாய் ஒன்றே. இன்று அரசியலமைப்பின் 153ஏ பிரிவு கூறுவதும் இதுவே. தேசிய மொழி நாட்டின் அடையாளம்; ஆகவே ‘மஜுலா சிங்கப்பூரா’ என்னும் நாட்டுப்பண்ணும் அணிவகுப்புக் கட்டளைகளும் மலாயில் ஒலிக்கின்றன. அதிகாரத்துவ மொழி என்பது பயன்பாட்டுத் தகுதி. ஆகவே நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் உரையாற்றலாம்.

இலங்கையில் இதன் தலைகீழ் நிலை இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சிங்களத்தையும் தமிழையும் தேசிய மொழிகள் என ஏற்றது. ஆனால் அரசகரும மொழி சிங்களமாகவே நீடித்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் வழியாகவே தமிழும் அரசகரும மொழியாயிற்று. இந்திய அரசியலமைப்பிலோ தேசிய மொழி என்று எதுவும் குறிக்கப்படவில்லை. 343ஆம் பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. 1965 ஜனவரியில் தமிழகத்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தது இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகிவிடும் என்ற அச்சத்தால்தான். அதே ஆண்டின் இறுதியில் இங்கே தமிழ் சட்டத்தில் இடம்பெற்றது.

‘அஃபிஷியல்’ என்னும் ஒரு சொல்லுக்கு மூன்று நாட்டுத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குவதையும் நோக்க வேண்டும். தமிழகத்தின் ‘ஆட்சிமொழி’ ஆளுதலைச் சுட்டுகிறது. நம்முடைய ‘அதிகாரத்துவ மொழி’ அதிகாரத்தைச் சுட்டுகிறது. இலங்கையின் ‘அரசகரும மொழி’ அரசின் கருமங்கள் நடைபெறும் மொழி என்று செயலைச் சுட்டுகிறது. மூலச்சொல்லின் பொருளுக்கு மிக அணுக்கமானது இதுவே என்பது நம் கருத்து. வழக்கில் ஊன்றிய நம் சொல்லை மாற்ற வேண்டியதில்லை; அதனுள் இருக்கும் செயற்பொருளை மாணவர்க்கு உணர்த்தினால் போதும்.

அவ்வாறு உணர்த்துவது ஏன் இன்றியமையாதது? வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். தேசிய மொழி பேசுவோர் குறையினும் நாட்டுப்பண்ணில் நிலைபெற்றிருக்கும். தமிழுக்கு இங்கே வாய்த்திருப்பது பயன்பாட்டுக்கான இடம். பயன்படுத்துவோர் குறைந்தால் சட்டத்தில் சொல் மட்டும் எஞ்சும். வகுப்பறையில் இவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனுடன் இப்பொறுப்பையும் கற்பிக்கிறார்.