மாகஸ்தோட்டை மேட்டில் ஒரு மினி

நுவரெலியாவின் சித்திரைச் சீசன் என்றதும் பலருக்குக் குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது மாகஸ்தோட்டை மேடு. 1934இல் அங்கே ஒரு தோட்டப் பாதையில் மோட்டார் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறவிட்டு நேரம் எடுத்தார்கள். இலங்கையில் இன்றும் நடக்கிற மோட்டார் போட்டிகளில் அதுவே மூத்தது. பிறகு நானுஓயாப் பக்கத்து ரதெல்லவிலும் மலையேற்றப் போட்டி வந்தது. இரண்டும் தேயிலை மலைக்குள் நடந்தவை. தோட்டத்துச் சனம் மண்மேட்டில் நின்று பார்த்தவை.

இந்தப் பந்தய முறை துரைமாரோடு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஷெல்ஸ்லி வோல்ஷ் என்ற இடத்தில் 1905 முதல் ஏறத்தாழ 1000 யார் நீளமான ஓர் ஏற்றத்தில் கார் ஓட்டுகிறார்கள். மலையேற்றத்துக்குப் பெரிய ஓடுதளம் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும் என்பதால் ஒடுக்கமான பாதையே போதும். அப்படிப்பட்ட பாதைக்கு மலையகத்தில் பஞ்சமே கிடையாது. கோப்பிக் காலத்திலும், 1869இல் கோப்பி இலையில் நோய் கண்ட பிறகு தேயிலை பரவிய காலத்திலும், நம்முடைய முப்பாட்டன்மார் அலவாங்கும் மண்வெட்டியுமாக வெட்டிய கரத்தை ரோட்டுகள் அவை. பாரம் இழுக்கும் மாடு ஏறக்கூடிய சாய்வு பார்த்து, மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளத்தில் கொழுந்துச் செடி. இந்த அகலத்துக்குள்தான் பந்தயக் கார் திரும்பியாக வேண்டும். எங்கள் ஆட்களின் உழைப்பு அந்தப் போட்டிக்குள் முதலில் நுழைந்தது பாதையாகத்தான். இரண்டாவதாக நுழைந்ததைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

நான் டயகமவில் பிறந்தவன். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். 1960களின் கடைசியில் அந்த மேட்டில் ஏறிய ஒரு மினி கூப்பர் எஸ் காரை, அசெட்டோ கோர்சா என்ற கணினி விளையாட்டுக்குள் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட விளையாட்டு அது. காரின் ஒவ்வொரு குணமும் அதற்குள் ஓர் எழுத்துக் கோப்பில் எண்ணாக இருக்கிறது. ஸ்பிரிங்கின் இறுக்கம் ஒரு வரி, கியர் விகிதம் ஒரு வரி, டயர்க் காற்று ஒரு வரி. எண்ணை மாற்றினால் காரின் சுபாவம் மாறும். இந்த நாட்டம் பழையது. 1998இல் வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ், 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்களை வைத்துச் செய்யப்பட்டது. அதிலிருந்து உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் பழைய கார்களின் செட்டப்பைத் தேடித் தேடிக் கணினிக்குள் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குத் தொழிற்சாலைத் தாள் கிடைக்கிறது, அணிகளின் குறிப்பேடு கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தவர் பெரியப்பா.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாலிபத்தில் தோட்டத்து கராஜில் ஃபிட்டராக இருந்தவர். துரையின் மினியும் அந்த கராஜுக்குத்தான் வரும். சித்திரை நெருங்கினால் அதை மேட்டுக்குத் தயார் பண்ணுவது அவருடைய வேலை.

மினியைப் பற்றி ஊரறிந்த விபரங்கள் நிறைய. 1964இல் மொன்டே கார்லோ ரலியைப் பெடி ஹொப்கேர்க் வென்ற பிறகு அந்தக் குட்டிக் கார் உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு வந்த 1275 சீசீ கூப்பர் எஸ், 76 குதிரைத்திறன் கொண்டது. எடை 650 கிலோ அளவு. சக்கரம் 10 அங்குலம்தான். இந்த எண்களை எல்லாம் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். ஆனால் அவற்றை எழுதி ஓட்டினால் அது பிரித்தானியச் சாலையில் ஓடும் மினி. நம்முடைய மேட்டில் ஏறிய மினி ஆகாது. முதல் காரணம் காற்று.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் அந்த அளவுக்குக் காற்று குறைகிறது. 76 குதிரைத்திறன் 61க்கு இறங்கிவிடும். அமெரிக்காவில் 4,302 மீற்றர் உயரத்தில் முடியும் பைக்ஸ் பீக் மலையேற்றத்தில் இது இன்னும் கொடுமை. 2018இல் அங்கே ரொமைன் டுமா 7 நிமிடம் 57.148 செக்கனில் ஏறிச் சாதனை வைத்தது மின்சாரக் காரில். மின்மோட்டாருக்கு மூச்சிழுக்க வேண்டிய தேவையே இல்லை.

பெற்றோல் காரில் பலம் குறைவதோடு கதை முடிவதில்லை. காற்று குறையும் அதே அளவுக்குக் காபரேட்டர் பெற்றோலைக் குறைக்காது. கொழும்பில் சரியாக இருந்த கலவை, நுவரெலியா வரும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனத்துவிடும்.

“துரை கொழும்புல டியூன் பண்ணிக்கிட்டு வருவாரு. இங்க வந்தா கறுப்பா புகை கக்கும்” என்றார் பெரியப்பா. “நான் ஒண்ணும் பெரிசா செய்யமாட்டேன் தம்பி. ரெண்டு பட்டை ஏத்துவேன்.”

மினியில் இருந்தவை எஸ்யூ காபரேட்டர்கள், இரட்டை. ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு பட்டை கொண்ட ஒரு நட்டு இருக்கும். அதைத் திருகினால் ஜெட் ஏறும், இறங்கும். ஜெட்டுக்குள் நிற்கிற ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி மாறும். நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும். நட்டில் ஒரு பக்கம் திருகுவதுதான் ஒரு பட்டை. இரண்டு காபரேட்டரையும் சமமாக ஏற்றிவிட்டு, காரை மேட்டில் முழு வேகத்தில் விரட்டி, உச்சியில் கிளட்சை மிதித்த கையோடு எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தள்ளி ஓரங்கட்டி, சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் இன்னும் கனம். வெளுத்திருந்தால் காய்ச்சல், பிஸ்டனுக்கு ஆபத்து. பிஸ்கட் நிறம் வந்தால் போதும். நட்டில் கிடைத்தது போதாவிட்டால் ஊசியையே மாற்றவேண்டும். தொழிற்சாலை ஒவ்வொரு மொடலுக்கும் சாதாரணம், கனம், மெலிவு என்று மூன்று ஊசி குறித்துக் கொடுத்திருந்தது. மெலிந்த ஊசி கிடைக்காத வருசத்தில் இருந்ததையே மிக நயமான எமெரி பேப்பர் கொண்டு தேய்த்ததாகவும் சொன்னார். எனக்கு அது புதிராக இருந்தது. ஊசியைத் தேய்த்தால் பெற்றோல் கூடத்தானே செய்யும்? கேட்டேன். கனம் தேவைப்பட்ட அடியிடத்தில் மட்டும் தேய்த்துவிட்டு, ஜெட்டை முழுதாக மேலே ஏற்றினாராம். கீழ் வேகத்தில் மெலிவு, முழு வேகத்தில் தேவையான அளவு. பாடப்புத்தகம் படிக்காத ஒருவர் ஊசியின் நீளத்தில் எந்த இடம் எந்த வேகத்துக்கு வேலை செய்கிறது என்பதை விரல்நுனியில் வைத்திருந்திருக்கிறார்.

விளையாட்டில் அந்த நட்டு இல்லை. எஞ்சின் எத்தனை சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை தரும் என்ற ஒரு பட்டியல்தான் இருக்கிறது. பெரியப்பாவின் இரண்டு பட்டையையும் தேய்த்த ஊசியையும் நான் அந்தப் பட்டியலின் எண்களாக மாற்றவேண்டும். முதலில் எல்லா எண்ணையும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டினேன். பிறகு பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். திரையை அவர் அதிகம் பார்க்கவில்லை; தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டாவதுல வளைவ விட்டு வெளிய வரும்போது இவ்வளவு சுருக்கா இழுக்காதுடா. கொஞ்சம் யோசிச்சுத்தான் இழுக்கும்” என்றார். 2,500 சுற்றுக்குக் கீழே உள்ள எண்களை இறக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளும்வரை இறக்கினேன்.

அடுத்தது ரப்பர். மினியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புதான் பாரம் தாங்கும். அமுங்க அமுங்க அது இறுகும். 1964 முதல் சில வருசம் திரவம் நிரப்பிய முறை வந்தது; துரையின் கார் அதற்கு முந்திய ரப்பர் வகைக்கு மாற்றப்பட்டிருந்ததாம். அசெட்டோ கோர்சாவில் இதற்குத் தோதாக இரண்டு வரிகள் உண்டு: அடிப்படை இறுக்கம் ஒன்று, அமுங்கும்போது கூடும் இறுக்கம் இன்னொன்று. சிக்கல் என்னவென்றால் ரப்பர் கிழடாகும். கிழடானால் கல்லாகிக் குறுகும், கார் தாழ்ந்துபோகும். புது ரப்பர் கிடைக்காதபோது, ரப்பரைத் தாங்கும் அலுமினியக் குழலுக்குள் வொஷர் வைத்து உயர்த்தினார்கள். போட்டிக்குக் காரைத் தாழ்த்த வேண்டுமானால் அதே வொஷரில் இரண்டைக் கழற்றுவார்கள். நான் எழுதவேண்டியது புது ரப்பரின் எண்ணையா, 1968இல் அந்த கராஜில் கிடந்த ரப்பரின் எண்ணையா? இரண்டாவதைத்தான் எழுதினேன். தொழிற்சாலைத் தாளைவிட இறுக்கமாகவும், ஒரு விரல்கடை தாழ்வாகவும் இருக்கிறது என் மினி. கான் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தால் பின்சக்கரம் துள்ளுகிறது. பெரியப்பா அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

கியருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கூப்பர் எஸ் காரின் கடைசிப் பல் விகிதம் 3.44. போட்டிக்காரர்களுக்கு 4.26 போன்றவையும் கிடைத்தன. மாற்றினால் சக்கரத்துக்கு வரும் இழுவை கால் பங்கு அளவு கூடும். உச்ச வேகம் குறையும், மேட்டில் அதனால் நட்டமில்லை. டயருக்குத் தெருக்காற்று முன்னால் 28, பின்னால் 26. மலையேற்றத்தில் டயர் சூடேற நேரமே கிடைக்காது. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். காலைப் பனியில் அதுவும் இல்லை. விளையாட்டில் டயரை முன்கூட்டியே சூடாக்கித் தரும் வசதி உண்டு. அதை நிறுத்திவைத்தேன்.

பாதையைச் செய்வதுதான் இன்னும் முடியாத வேலை. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் கொண்டு எடுத்த உலக உயர வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. தேயிலை மலையில் 30 மீற்றருக்குள் பாதை ஒரு முறை மடங்கி எதிர்த்திசையில் திரும்பிவிடும். ராடாருக்கு அது தெரியாது. ஆகவே அளவு நாடாவும் மட்டப் பலகையுமாக நடந்துதான் எடுக்கவேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் சாய்வு பார்த்துப் பாதை வெட்டியவர்கள் நடந்ததுபோல.

பெரியப்பா போன்றவர்களின் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதுக் காரும் உதிரிப்பாகமும் அரிதாகவே வந்தன. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. துரைமார் பலர் கப்பலேறினார்கள். கார்கள் இங்கேயே நின்றன. அவற்றை ஓடவைத்தவர்கள் கராஜ் பாஸ்மார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் யார் இந்தியாவுக்கு யார் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்ட சனத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். பெரியப்பாவோடு வேலை செய்த ஒருவர் ராமேஸ்வரம் போகும் கப்பலில் ஏறியபோது, தன் ஸ்பேனர் பெட்டியைக் கராஜிலேயே வைத்துவிட்டுப் போனாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திறந்தது. பழைய எஞ்சினைப் பிழைக்கவைக்கும் வித்தைக்கு இந்த நாட்டில் வேலை ஓயவில்லை.

போட்டி முடிவுகளில் ஓட்டியவரின் பெயரும், காரின் பெயரும், நேரமும் இருக்கும். எத்தனை பட்டை ஏற்றினார்கள், ஊசியை எங்கே தேய்த்தார்கள், எத்தனை வொஷர் வைத்தார்கள் என்பவை இருக்காது. ஒரு காரைத் திரும்பச் செய்ய உட்காரும்போது வேண்டியிருப்பது இவைதான். என் கருத்தில் மாகஸ்தோட்டையின் வரலாற்றில் பாதி, எழுதப்படாமல் தோட்டத்து கராஜ்களில் கிடக்கிறது. அதை அறிந்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலை, ராகலை, கந்தப்பளை எங்கேயானாலும் சரி, உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ தோட்டத்து கராஜில், ஃபெக்டரியில், லொறி செட்டில் வேலை செய்தவராக இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வண்டி, எந்த வருசம், என்ன மாற்றினீர்கள், எவ்வளவு மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அளவோடு எழுதி, தேதி போட்டு வையுங்கள்.