செயல்முறைச் சிகிச்சையாளரின் தொடர்கல்வியும் பதிவுப் புதுப்பிப்பும்

ஆக்குபேஷனல் தெரபி என வழங்கும் செயல்முறைச் சிகிச்சை, நோயாலோ விபத்தாலோ அங்கம் பழுதுற்றவர் உண்ணுதல், உடுத்தல், உழைத்தல் முதலிய நித்திய கருமங்களைத் தாமே மீண்டும் ஆற்றுமாறு பயிற்றும் வைத்தியப் பிரிவாகும்.

இந்தியாவில் இதன் முதற் கல்விக்கூடம் 1950-இல் பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் தோன்றியது. 1952-இல் அமைந்த செயல்முறைச் சிகிச்சையாளரின் அகில இந்தியச் சங்கம் அவ்வாண்டே அத்தொழிலின் உலகச் சம்மேளனத்தின் ஸ்தாபக உறுப்பினராயிற்று. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் தனிச் சபை கண்டிருந்தபோதிலும், தேசம் முழுமைக்குமாக இத்தொழிலைச் சட்ட வரம்புக்குள் கொணர்ந்து, மத்தியப் பதிவேட்டுக்கும் மாநிலப் பதிவேடுகளுக்கும் வழிவகுத்தது, 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்புரிவோர் தேசிய ஆணையச் சட்டமே. புதுப்பிப்பு முறையில் பிற நாடுகளை நோக்கின், அமெரிக்காவில் இத்தொழிலுக்கான தேசியச் சான்றளிப்பு வாரியம் சான்றைப் புதுப்பிக்க 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை 36 தொடர்கல்வி அலகுகளைக் கோருகிறது. பிரிட்டனில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்படுகிறது.

தொடர்கல்வியின் அவசியத்தை வடசென்னையிலேயே காணலாம். மணலி புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரத்திற் கை சிக்கிய தொழிலாளருக்கு அண்மைப் புகலிடம், டாக்டர் ஆர். வெங்கடசாமி கைஅறுவைப் பிரிவை நிறுவிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையாகும். அறுந்து தைக்கப்பட்ட விரல் தசைநாரை வாரக்கணக்கில் அசையாது கட்டிவைத்த பழைய முறை மாறி, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டைக் கையின்மேல் வார்த்து அமைத்த பட்டைக்குள், சில நாட்களிலேயே அளவோடு அசைவு தரும் முறை இன்று நிலைபெற்றுள்ளது. பட்டம் பெற்ற நாளின் அறிவோடு நின்றுவிட்டவர் அத்தகைய கைக்குத் தீங்கே இழைக்கக்கூடுமாதலின், காலவரையறையிட்டுப் பதிவைப் புதுப்பித்தல் நியாயமே.