மினெட் டி சில்வா: முன்னே நடந்தவர்

ஜெப்ரி பாவாவின் கட்டடங்களைப் பற்றி நமது பத்திரிகைகளில் வெளிவந்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவருக்கு முன்னரே அப்பாதையை வெட்டித் திறந்த கண்டிப் பெண்மணியைப் பற்றி, என் நீண்ட பத்திரிகை வாழ்வில் ஒரு வரியேனும் எழுதியதில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

மினெட் டி சில்வா 1918 இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா, இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கியவர். தாயார் அக்னஸ், 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெறுவதற்கு முன்னின்று உழைத்தவர். பெற்றோரின் துணிவு மகளிடமும் இருந்தது. பம்பாயில் கட்டடக்கலை பயின்றபோது, மகாத்மா காந்தியின் விடுதலையைக் கோரிய கூட்டத்திற் கலந்துகொண்டமையால் கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் இலண்டனிற் படிப்பை நிறைவுசெய்து, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொபூசியே அவரது நண்பர். ஆயினும் ஐரோப்பியப் பாணியை அப்படியே கொண்டுவந்து இறக்க அவர் விரும்பவில்லை. 1951 இல் கண்டி மலைச்சரிவில் நிறைவுற்ற கருணாரத்ன இல்லத்தில் கொங்கிறீற்றும் கண்ணாடியும் உண்டு. கூடவே தும்பறைப் பாய் நெசவும், சுடுமண் ஓடுகளும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் உண்டு. கிராமியக் கைவினைஞரை நவீன வீட்டின் பங்காளிகளாக்கிய இம்முறையை அவர் 'நவீன பிரதேசக் கட்டடக்கலை' என அழைத்தார். பாவா கட்டடக்கலைஞராகத் தகுதிபெற்றது 1957 இலேயே என்பதை இங்கு நினைவிற்கொள்வது நன்று.

அதே ஐம்பதுகளில், கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம் அவரிடம் வந்தது. சுமார் 250 வீடுகள். பல இனத்தவரும் குடியேறவிருந்த அத்திட்டத்தில், வரைபடம் தீட்டுமுன் குடியிருக்கப் போகிறவர்களிடமே வினாக்கொத்து வழங்கி, அவர்களது தேவைகளைக் கேட்டறிந்தார். குடியிருப்போரைக் கேளாமலே வீடு கட்டிக் கையளிக்கும் வழக்கம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

பின் ஏன் மறந்தோம்? ஆண் பங்காளியின்றித் தனித்துத் தொழில் நடத்திய பெண்ணை ஒப்பந்தகாரர்கள் எளிதில் ஏற்கவில்லை. அவரது பணிமனை கொழும்பில் அன்றி, கண்டியில் இருந்தது. நீண்ட வெளிநாட்டு வாசங்களும் அவரைத் தொழிலிலிருந்து தூரப்படுத்தின. 1996 இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. இரண்டே ஆண்டுகளில், 1998 நவம்பரில், தமது எண்பதாவது வயதில், தனிமையிலும் பணமுடையிலும் கண்டியிற் காலமானார். அவரது சுயசரிதை நூலுருப் பெற்றது அதன் பின்னரே.

தாமதமாக வந்த பதக்கத்தைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. என் பேனா அதனிலும் தாமதமாக வந்திருக்கிறது.