ஏறுவோரின் காப்புக் கயிறு

காப்புக் கயிறு என்பது பாறை, மரம், புகைபோக்கி போன்ற உயரங்களில் ஏறி இறங்குவோர், முதல் பிடி தவறினால் விழாமல் இருக்க வைத்துக்கொள்ளும் இரண்டாவது பிடி ஆகும். அது கயிறாகவோ, முடிச்சாகவோ, இரும்புக் கருவியாகவோ இருக்கலாம். சில இடங்களில் அது ஒரு மனிதராகவும் இருந்திருக்கிறது. கடைகளில் இன்று விற்கப்படும் காப்புக் கருவிகள் பலவற்றுக்கு முன்னோடி, ஏறுபவர்கள் தம் கையாலேயே செய்துகொண்ட எளிய ஏற்பாடுகள்தாம்.

தேன் பாறைகளில்

தமிழகத்தில் பாறையில் ஏறுவது விளையாட்டாகத் தொடங்கவில்லை, தேனுக்காகத் தொடங்கியது. மலைத்தேனீக்கள் செங்குத்துப் பாறைகளின் நெற்றிக்கு அடியில் பெரிய அடைகளைக் கட்டுகின்றன. அவற்றை எட்டுவதற்குச் சாத்திய, கணுக்களே படிகளாக அமைந்த மூங்கிலைப் பழந்தமிழர் 'மால்பு' என்றனர். மலைபடுகடாம், குறுந்தொகை ஆகிய நூல்களில் இச்சொல் வருகிறது.

நீலகிரியில் வாழும் குறும்பர்கள் காட்டுக்கொடிகளால் நூலேணி செய்து, பாறையின் மேலுள்ள மரத்தில் கட்டி, அதன் வழியே அடை இருக்கும் இடத்துக்கு இறங்குவர். புகையிட்டுத் தேனீக்களை விலக்கி, நீண்ட கழியால் அடையை அறுப்பர். அந்நேரத்தில் மேலே கட்டின் அருகில் ஒருவர் காவல் இருப்பார். அவர் இறங்குபவரின் மைத்துனர், அதாவது மனைவியுடன் பிறந்தவர். தன் சகோதரி தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனைமலைக் காடர்களிடமும் இதையொத்த வழக்கம் இருந்தது. பிரம்பு வளையங்களைக் கோத்த சங்கிலியில் ஒருவர் இறங்கும்போது, சதி எதுவும் நேராதபடி அவருடைய மனைவியோ மகனோ மேலே காத்திருந்ததை, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் பதிவு செய்துள்ளார்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பாறைக்குக் கீழே தொங்குபவருக்கு மேலே உள்ள கட்டு கண்ணில் படாது. அது நழுவுகிறதா, யாரேனும் அதைத் தொடுகிறார்களா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். ஆனால் கொடியே அறுந்துவிட்டால் மைத்துனராலும் ஒன்றும் செய்ய இயலாது. எந்தக் காப்பும் ஏதோ ஒரு தவறுக்குத்தான் மறுமொழி. எல்லாத் தவறுகளுக்கும் அன்று.

கைமுடிச்சு

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் ஒரு முடிச்சை அறிமுகப்படுத்தினார். மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து, தடித்த கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, அதன் வழியாகவே இழுத்துவிட வேண்டும். பாரம் இல்லாதபோது அது கயிற்றில் தாராளமாக நகரும். பாரம் விழுந்த கணமே இறுக்கிப் பிடிக்கும். கயிற்றில் ஏறுவதற்கென வந்த இந்த முடிச்சு, பின்னர் இறங்குவோரின் காப்பாகவும் ஆயிற்று. கல்லடி பட்டோ மயங்கியோ ஒருவர் கயிற்றை விட்டுவிட்டால், இடுப்புக் கச்சையோடு பிணைத்த இம்முடிச்சு அவரை நிறுத்திவிடும்.

செலவு குறைவு, செய்வதும் எளிது. ஆனால் பிழைக்கு இடம் மிகுதி. வளையக் கயிறு முதன்மைக் கயிற்றைவிடப் போதிய அளவு மெல்லியதாக இல்லாவிட்டால் பிடிக்காது. வளையம் நீளமாகிவிட்டால் இறங்கு கருவியில் முட்டி, இறுகாமலே வழுக்கிச் செல்லும். வேகமாக வழுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் உருகக்கூடும். எல்லாவற்றையும்விட விபரீதமான பிழை மனித இயல்பிலேயே உள்ளது. விழும்போது பதற்றத்தில் கை முடிச்சையே இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிய கையோடு முடிச்சும் நகரும். கை விட்டால்தான் அது பிடிக்கும்.

இதே வேலைக்கு உலோகக் கருவிகள் பின்னர் வந்தன. சுவிட்சர்லாந்தின் யூசி, மார்ட்டி ஆகிய இருவர் 1958-இல் உருவாக்கிய 'ஜூமார்' என்னும் ஏறுபிடி அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் பெற்றது. முடிச்சோ கருவியோ, ஒரே கயிற்றைப் பற்றியிருக்கும் வரை அது கை தவறுவதற்கு மட்டுமே காப்பு. கயிறு அறுவதற்கு இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது இரண்டாவது கயிறு. தொழிற்சாலைகளின் உயரமான இடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்வோர், ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு, வேறோர் இடத்தில் கட்டிய மற்றொரு கயிற்றில் காப்புக் கருவியைப் பூட்டிக்கொள்வது முறை. யானைக்கவுனிக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் பளுதூக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இடுப்பில் மட்டும் பட்டை அணிந்து விழுந்தால், அந்த உதறலின் முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். முழு உடல் கச்சை அதைத் தொடைகளுக்கும் தோள்களுக்கும் பகிர்ந்துவிடும். இத்தகைய பட்டைகளுக்கும் கச்சைகளுக்குமான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 3521 ஆகும்.

தென்னையும் பனையும்

தென்னை ஏறுவதற்குக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப் ஓர் இரும்புக் கருவியை உருவாக்கினார். மரத்தைச் சுற்றிய கம்பி வடத்தோடு கூடிய இரு சட்டங்களில் கால்களை நுழைத்து, மாற்றி மாற்றி உயர்த்தி ஏற வேண்டும். உடல் எடையே வடத்தை இறுக்கிவிடும். கருவி மரத்தைப் பிடித்தது. ஆனால் ஏறுபவர் பின்னால் சாய்ந்துவிட்டால் அவரைப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்கெனத் தனியாக ஒரு காப்பு இணைப்பை வடிவமைத்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் மூலம் கருவியின் பயன்பாடு பரவியது.

பனை ஏறுவோரின் நிலை வேறு. பாதங்களைப் பிணைக்கும் தளைநார் ஏறுவதற்கான துணையே தவிர, விழுவதைத் தடுக்கும் காப்பு அன்று. பதநீர்ப் பருவத்தில் ஒருவர் பல மரங்களில், ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். மரத்துக்கு மரம் கருவியைப் பூட்டிக் கழற்ற அவருக்கு நேரம் இல்லை. மேலே சென்றபின் மட்டையின்மீது நின்று, இரு கைகளாலும் பாளையைச் சீவ வேண்டும். மரத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கைகூட மிச்சமிராத அந்த நேரத்துக்குத்தான் காப்பு தேவை. அங்கே பெரும்பாலோர் இன்றும் கயிறு எதுவும் இன்றியே நிற்கின்றனர்.