மேற்குக் கேலரிக்கு அடியில்

விளையாட்டு மலர் என்றால் வென்ற அணிகளைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டது கலைக்கப்பட்ட ஓர் அணி: சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆளை ஆள் முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் இது. காலைவிடக் கைக்கே வேலை அதிகம்.

1892இல் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோதே பயிற்சியாளர் அமோஸ் அலான்ஸோ ஸ்டாக்கும் வந்துவிட்டார். யேலில் தம்மிடம் பயின்றவரை முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் கையோடு அழைத்துவந்து, பேராசிரியர்களுக்குள்ள நிரந்தரப் பணியும் தந்தார். நேற்று முளைத்த பல்கலைக்கழகத்தின் பெயர் ஊரெங்கும் பரவ ஆட்டம் உதவும் என்பது ஹார்ப்பரின் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. ஸ்டாக் 41 ஆண்டுகள் இருந்தார். வட்டாரப் பட்டம் 7 முறை வந்தது. 1905 நன்றியறிதல் நாளன்று, 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனைச் சிகாகோ 2–0 என்று வீழ்த்தியது. பந்தோடு வந்த மிச்சிகன் ஆட்டக்காரரை அவருடைய எல்லைக்கோட்டுக்கு அப்பாலேயே மடக்கியதில் கிடைத்த 2 புள்ளிகள் அவை. 1935இல் ஹைஸ்மன் கோப்பை என்று பின்னர் பெயர் பெற்ற விருதை முதன்முதலில் வாங்கியவரும் சிகாகோவின் ஜே பெர்வாங்கர்தான். கனமான அந்த வெண்கலச் சிலையை அவருடைய அத்தை வெகுகாலம் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தாராம்!

ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் 1929இல், 30 வயதில், தலைவரானார். 70 வயதைத் தொட்ட ஸ்டாக்குக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. முழுப் பாடத்துக்கும் ஒரே பெருந்தேர்வு என்று புதிய திட்டம் வந்தது. பந்தாட வந்தவர்களுக்கென்று எளிய பாடம் எதுவும் அங்கே இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளைப் பார்த்துப் போனார்கள். 1938இல் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் ஹட்சின்ஸ் எழுதிய கட்டுரை, டிக்கெட் வசூல்தான் நோயின் வேர் என்று வாதிட்டது. அனுமதிக் கட்டணத்தை 10 சென்ட் ஆக்குங்கள், பயிற்சியாளருக்கு நிரந்தரப் பணி கொடுங்கள் என்றார். இரண்டாவது யோசனையை ஹார்ப்பர் 46 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருந்தார் என்பது வேடிக்கை.

1939 பருவம் பரிதாபம். ஹார்வர்டு 61, ஒஹையோ ஸ்டேட் 61, மிச்சிகன் 85. மூன்று ஆட்டத்திலும் சிகாகோவுக்குச் சைபர். டிசம்பர் 21 அன்று ஆட்டம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

இதைத் துணிச்சல் என்று பாராட்டுவோர் பலர். எனக்கோ மடி வற்றிய மாட்டை அவிழ்த்துவிட்டதாகவே தோன்றியது. 1905இல் இதைச் செய்திருந்தால் துணிச்சல். ஆனால் ஹட்சின்ஸ் எதிர்ப்புக்கு அஞ்சுகிறவர் என்றும் சொல்ல முடியாது. நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை 1937இல் அங்கே வரவழைத்ததும், அவர் சிகாகோ வளாகத்தில் பாடம் எடுப்பதற்கு நிறத்தைக் காட்டி எழுந்த மறுப்பைத் தள்ளியதும் இவரேதான்.

ஆட்டம் போனாலும் ஸ்டாக் மைதானம் நின்றது. அதன் மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் கூடத்தில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாகக் கட்டியது. கரித்தூள் பட்டு எல்லோர் முகமும் சுரங்கக் கூலிகளைப் போலக் கறுத்தது. கட்டடத்தில் கணப்பு கிடையாது. வாசல் காவலர்கள் குளிரில் விறைத்தார்கள். பழைய அலமாரி ஒன்றில் ரக்கூன் தோல் கோட்டுகள் அகப்பட்டன. ஒருகாலத்தில் கேலரியில் உட்கார்ந்து கூச்சலிட்ட மாணவர்களின் நாகரிக உடுப்பு அது. உலகின் முதல் அணு உலைக்குக் காவல் நின்றவர்கள் அதைத்தான் மாட்டிக்கொண்டார்கள். 1942 டிசம்பர் 2 பிற்பகல், உலை 28 நிமிடம் இயங்கியது.

1963இல் ஆட்டத்தை ஒரு வகுப்பு என்ற பெயரில் மெல்லக் கொண்டுவரப் பார்த்தார்கள். வெளிக்கல்லூரியோடு மோத அணி இறங்கிய நாளில் மாணவர்கள் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறித்தார்கள், போலீஸ் வந்தது. 85–0 தோல்வியின்போது பிறந்தேயிராத பிள்ளைகள் அவர்கள். வற்றிய மாடு என்று நான் சொன்னதை இங்கே சற்று அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1969இல் அணி முறையாகத் திரும்பியது, விளையாட்டு உதவித்தொகை எதுவும் இல்லாமல். பழைய ஸ்டாக் மைதானம் அதற்குள் இடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் இன்று இருப்பது ரீஜென்ஸ்டீன் நூலகம்.